31 வருஷம் கைவிடாத ஓர் ஆசை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

1/
போன மாசம் ஓ.பி.யில் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன் மக்களே. எங்க யூனிட்டில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பொண்ணு. கோட் பாக்கெட்டில் எப்பவும் ஒரு குட்டி நோட்டு இருக்கும். "மார்பில் கட்டி, பயாப்ஸிக்கு வரச் சொன்னோம், வரலை." "மலத்தில் ரத்தம், ஸ்கோப் எழுதிக் கொடுத்தோம், வரலை." இப்படி, திரும்பி வராமல் போனவர்களின் பட்டியல். பக்கத்திலேயே போன் நம்பர்.

2/
"சார், இவங்களுக்கு நாமளே போன் பண்ணிக் கூப்பிடலாமா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு ஓ.பி.யில் செம கூட்டம். நான் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன்: "அதெல்லாம் சரிப்பட்டு வராதும்மா. நானும் உன் வயசுல இப்படித்தான் இருந்தேன். நம்பர் தப்பா இருக்கும். சரியா இருந்தா எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் வர மாட்டாங்க." அவங்க "சரிங்க சார்"னு நோட்டை மடிச்சு உள்ளே வெச்சுக்கிட்டாங்க.

3/
வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கிட்டே இருந்தது. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நம்பர் தப்பா இருப்பதும் உண்மை, வராமல் போவதும் உண்மை. ஆனா அந்த பதிலைச் சொன்னது என் அனுபவமா, இல்லை அனுபவம்ங்கற பேர்ல என் களைப்பா? ஒரே வேலையில் பத்துப் பதினைந்து வருஷம் தாண்டிய யாருக்கும், ஆசிரியரோ வக்கீலோ பேங்க் ஊழியரோ, இந்தக் கேள்வி ஒருநாள் வரும்.

4/
எனக்கு ஒரு பெரியவங்க ஞாபகம் வந்தாங்க. கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாடு அரசு 18,000 ரூபாய் உதவி தருதே, "டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்", அந்தப் பேர் உள்ளவங்கதான். பல பேருக்கு அது விண்ணப்பத்தின் தலைப்பில் இருக்கும் ஒரு பேர் மட்டுமே. அவங்க வாழ்க்கையில் 1923-லிருந்து 1954 வரை ஓடிய ஒரு கதை இருக்கு. அதைத்தான் எழுதப் போறேன். கொஞ்சம் நீளம், டீயோட உட்காருங்க.

5/
1886 ஜூலை 30, புதுக்கோட்டை. அப்போ அது தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி, மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பெண் பருவமடைந்தால் படிப்பு முடிந்தது என்றிருந்த காலம் அது. ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் இந்தப் பெண் இடம் கேட்டபோது ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார்.

6/
1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் பட்டம். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு திருமணம். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அடுத்த சில வருஷங்களில் சென்னையில் நல்ல பெயரெடுத்த பெண் மருத்துவர் ஆகிவிட்டார். பிரசவம், பெண்கள் நோய் என்று வாசலில் வண்டிகள் நிற்கும் அளவுக்கு வேலை. இத்தோடு நின்றிருந்தாலும் அது பெரிய வாழ்க்கைதான்.

7/
1923-ல் அவர் தங்கை இறந்துபோனார். மலக்குடல் புற்றுநோய். அக்கா டாக்டர். அக்கா வீட்டுக்காரர் சர்ஜன். சென்னையின் சிறந்த மருத்துவர்கள் பழக்கமானவர்கள். அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. ஒரு டாக்டருக்கு இதைவிடக் கொடுமையான நிலை கிடையாது மக்களே. ஊருக்கெல்லாம் மருந்து எழுதிய கை, சொந்த வீட்டில் ஒன்றும் எழுத முடியாமல் நிற்கும்.

8/
இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி மருத்துவம் பேசிடறேன். மலத்தில் ரத்தம் வந்தால் நம்ம ஊரில் முதலில் சொல்வது "மூலம், சூடு, மோர் குடி". பல நேரம் அது மூலமாகவே இருக்கும். ஆனா எல்லா நேரமும் இல்லை. ரத்தம், சில வாரங்களாக மாறிப்போன மலப் பழக்கம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போய்ப் பரிசோதிச்சுக்கோங்க. வெட்கத்தில் தள்ளிப்போடும் மாசங்கள்தான் இந்த நோய்க்குத் தீனி.

9/
1923-ல் என்ன நிலைமை? புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை உண்டு. ரேடியம், எக்ஸ்ரே கதிர்வீச்சு சில இடங்களில் உண்டு. மருந்து சிகிச்சை என்ற ஒன்று பிறக்கவே இல்லை. ஜனங்கள் அந்த நோயின் பெயரைச் சொல்லவே பயந்தார்கள். டாக்டர்களும் பெரும்பாலும் கையை விரித்தார்கள். அந்த நிலைமையில்தான் இவர் மனசில் ஒரு ஆசை விழுந்தது: இந்த நோய்க்கென்றே சென்னையில் ஒரு மருத்துவமனை வேண்டும்.

10/
1925-ல் மேற்படிப்புக்காக லண்டன் போனார். அந்த ஊரில் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை 1851-லிருந்து நடந்துகொண்டிருந்தது. இன்று ராயல் மார்ஸ்டன் என்று உலகமே அறிந்த இடம். அதைத் தொடங்கிய வில்லியம் மார்ஸ்டன் ஒரு சர்ஜன். 1846-ல் அவர் மனைவி புற்றுநோயில் இறந்தார். அங்கே மனைவியை இழந்த டாக்டர், இங்கே தங்கையை இழந்த டாக்டர். ஆனா மார்ஸ்டனுக்கு ஐந்து வருஷத்தில் கைகூடியது இவருக்கு அவ்வளவு சுலபத்தில் கைகூடவில்லை.

11/
ஊர் திரும்பியதும் வேறொரு வேலை காத்திருந்தது. இந்தியப் பெண்கள் சங்கத்தார் இவரைச் சென்னை சட்டமன்றத்துக்கு அனுப்ப நினைத்தார்கள். மருத்துவப் பணி கெடுமே என்று முதலில் தயங்கினார். பிறகு சம்மதித்தார். 1927 தொடக்கத்தில் பதவியேற்றார். அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவையில் இருந்த ஒரே பெண் அவர்தான். வயது 40.

12/
அந்த 1927-லேயே, கோயில்களுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். பழமைவாதிகள் மட்டும் எதிர்க்கவில்லை. படித்த, தேசபக்தி பேசிய தலைவர்களும் எதிர்த்தார்கள். அந்த வழக்கத்தை முழுமையாகத் தடை செய்யும் சட்டம் எப்போது வந்தது தெரியுமா? 1947-ல். இருபது வருஷம். தொடங்கியபோது நாற்பதில் இருந்தவர், முடிந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார்.

13/
இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. அதை மறைச்சு எழுதினா அது வரலாறு இல்லை. தேவதாசி மரபுப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் சங்கமாகச் சேர்ந்து இந்த முயற்சியை எதிர்த்து மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் முக்கியமானவர். எங்கள் கலையும் சொத்துரிமையும் என்னாவது என்பது அவர்கள் கேள்வி. அதே மரபில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இந்தப் பக்கம் நின்றார். நல்லது செய்யப் புறப்பட்டவர் எல்லோருடைய குரலையும் ஒரே அளவில் கேட்டார் என்று சொல்ல முடியாது. நம்பிக்கை அதிகமுள்ளவர்களுக்கு வரும் குறை அது.

14/
1930-ல் காந்தி கைதானதும் பதவியை விட்டு விலகினார். மூன்றே வருஷம்தான் அந்த நாற்காலி. அந்தச் சமயத்தில், போக்கிடம் இல்லாத பெண் பிள்ளைகள் இவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். எந்த விடுதியும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் ஔவை இல்லம். இன்றும் அடையாறில் இயங்குகிறது. சட்டம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. சட்டம் வரும்போது வரட்டும், இந்தப் பிள்ளைகளுக்கு இன்று ராத்திரி சோறு வேண்டுமே!

15/
இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. பெரிய வேலை நகராதபோது நம்மில் பலர் ரெண்டில் ஒன்று செய்வோம். ஒன்று, கசந்துபோய் விட்டுவிடுவோம். இல்லை, அந்தப் பெரிய வேலையைப் பற்றியே பேசிப் பேசிக் காலத்தை ஓட்டுவோம். இவர் கைக்கு எட்டிய சின்ன வேலையை இன்றைக்குச் செய்தார்; பெரிய வேலையை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ரெண்டும் ஒரே நேரத்தில் நடந்தது.

16/
புற்றுநோய் மருத்துவமனை? அது மனசை விட்டுப் போகவே இல்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு நூற்றாண்டு விழா. பழைய மாணவர்கள் கூடியிருந்தார்கள். கல்லூரி நினைவுகளைப் பேசிவிட்டுக் கைதட்டலோடு இறங்கியிருக்கலாம். அந்த மேடையிலும் புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். தங்கை இறந்து 12 வருஷம் ஆகியிருந்தது.

17/
நடக்கவில்லை. அடுத்து உலகப்போர் வந்தது. பம்பாயில் டாடா மெமோரியல் 1941-ல் திறந்தது. ரத்தப் புற்றுநோயில் இறந்த மெஹர்பாய் டாடாவின் நினைவாக எழுந்த மருத்துவமனை அது. அங்கே பெரிய தொழில் குடும்பத்தின் பணபலம் பின்னால் இருந்தது. தெற்கே அப்படி யாரும் இல்லை. "கேன்சர் வந்தா சாவுதான், அதுக்கு எதுக்கு தனி ஆஸ்பத்திரி?" என்ற எண்ணம் சாமானியர்களிடம் மட்டுமல்ல, முடிவெடுக்கும் இடங்களிலும் இருந்தது.

18/
"எதுக்கு தனி ஆஸ்பத்திரி?" என்ற அந்தக் கேள்வியைத் திரும்பப் படிங்க. அதில் ஒரு புத்திசாலித்தனம் தெரியும். கேட்பவர் முட்டாள் இல்லை. அவர் பார்த்த நோயாளிகள் பெரும்பாலும் இறந்துதான் போயிருப்பார்கள். ஆனா அவர்கள் ஏன் இறந்தார்கள்? முற்றிய பிறகு வந்தார்கள். ஏன் முற்றிய பிறகு வந்தார்கள்? வந்தால் பலன் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. சிகிச்சை இல்லாததால் சாவு, சாவதால் சிகிச்சை வேண்டாம். இந்த வட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் அது அனுபவ அறிவு மாதிரியே தெரியும்.

19/
எனக்கு உறைத்தது இங்கேதான். "போன் பண்ணினாலும் வர மாட்டாங்க" என்று நான் சொன்னதும் அதே வட்டம்தானே? நாம யாரும் கூப்பிடாததால் அவங்க வரலை. அவங்க வராததால் நாம கூப்பிடலை. இதைப் பதினைந்து வருஷம் பார்த்துவிட்டு, அதற்கு அனுபவம் என்று பேர் வெச்சிருக்கேன்.

20/
சரி, கதைக்கு வருவோம். 1949-ல் இந்தியப் பெண்கள் சங்கத்தின் பேரில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். இப்போ வயது 62 தாண்டிவிட்டது. நம்ம கணக்கில் ஓய்வு பெற்று, பேரன் பேத்தியோடு இருக்கும் வயது. அரசாங்கக் கதவு திறக்கவில்லை என்றதும் பொதுமக்களின் கதவைத் தட்டினார். கேட்ட இடங்கள் மாறிக்கொண்டே இருந்தன: கல்லூரி மேடை, அரசு, பெண்கள் சங்கம், பொதுமக்கள். கேட்டது மட்டும் மாறவில்லை.

21/
இதற்குள் இன்னொரு விஷயமும் நடந்திருந்தது. மகன் கிருஷ்ணமூர்த்தி மருத்துவராகி, புற்றுநோய் சிகிச்சையில் வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். அம்மாவின் ஆசை மகனின் தொழிலாகிவிட்டது. 1952 அக்டோபர் 10, பிரதமர் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. தென்னிந்தியாவில் இந்த நோய்க்கென்றே எழுந்த முதல் மருத்துவமனை.

22/
எத்தனை படுக்கை தெரியுமா? 12. பெரிய கட்டடம் இல்லை, குடில் மாதிரி ஒரு சின்ன இடம். விரல் விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். 31 வருஷம் காத்திருந்து கிடைத்தது 12 படுக்கை. 68 வயது நிறைய இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. நானாக இருந்தால் "இதுக்குத்தானா இவ்வளவு பாடு?"ன்னு கேட்டிருப்பேன். அவர் அதைத் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

23/
அடுத்த வருஷம், 1955-ல், ஒரு இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். வயது 28. மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர். அரசுப் பணித் தேர்வில் தேறி, அரசு மருத்துவமனை வேலையும் கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு, நோயாளிகள் பெரும்பாலும் இறந்துபோவார்கள் என்று ஊரே நம்பிய ஒரு 12 படுக்கை மருத்துவமனைக்கு வந்தார். தெரிந்தவர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் பெயர் சாந்தா. ஆமாம், நம்ம டாக்டர் வி. சாந்தா.

24/
நல்ல சம்பளமும் பென்ஷனும் காத்திருக்கும்போது ஒரு 28 வயசுப் பொண்ணு இதைத் தேர்ந்தெடுக்க என்ன காரணம்? சட்டமன்றத்தின் துணைத் தலைவராக இருந்தவர், இருபது வருஷம் ஒரு சட்டத்துக்காகப் போராடியவர், தோல்வி என்றால் என்னவென்று எல்லாரையும் விட அதிகம் தெரிந்தவர், 68 வயதில் "இது நடக்கும்" என்று நின்றுகொண்டிருந்தார். சிறுசுகள் நம்ம பேச்சைக் கேட்பதில்லை என்று நாம குறைப்படுவோம். அவங்க நம்ம முகத்தைப் பார்க்கிறாங்க. அங்கே என்ன எழுதியிருக்கோ அதைத்தான் படிப்பாங்க.

25/
சாந்தா மருத்துவமனை வளாகத்திலேயே குடியேறினார். அறுபது வருஷத்துக்கு மேல் அங்கேயேதான் இருந்தார். கிருஷ்ணமூர்த்தியும் அவரும் சேர்ந்து அந்த 12 படுக்கையை வளர்த்தார்கள். சில வருஷங்களிலேயே கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. 1960-களில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருந்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில மாதங்களில் இறந்துபோன காலம் அது. ஒரு வார்டு நிறைய அப்படிப்பட்ட குழந்தைகளை வைத்துக்கொண்டு, நாளைக்கு நிலைமை மாறும் என்று வேலை பார்ப்பது என்ன மாதிரி நெஞ்சழுத்தம்னு யோசிங்க.

26/
மாறியது. இன்று குழந்தைகளுக்கு அதிகம் வரும் அந்த வகை ரத்தப் புற்றுநோயில், முழு சிகிச்சை கிடைத்தால் பெரும்பான்மையான குழந்தைகள் பிழைக்கிறார்கள். அதற்கான மருந்துகளை உலகம் முழுக்கப் பலர் கண்டுபிடித்தார்கள். ஆனா அந்த மருந்து வந்து சேர்ந்த அன்று சென்னையில் ஒரு வார்டும், பழகிய நர்ஸும், கைதேர்ந்த டாக்டரும் தயாராக இருக்க வேண்டுமே? "சாகிற நோய்க்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று விட்டிருந்தால் மருந்து வந்தும் கொடுக்க இடம் இருந்திருக்காது.

27/
இன்னொன்று சொல்றேன், இது என் கதையோடு நேரடியாகத் தொடர்புடையது. 1980-களின் தொடக்கத்தில் சென்னை நகரின் புற்றுநோய்ப் பதிவகம் இந்த மருத்துவமனையில் தொடங்கியது. யாருக்கு என்ன புற்றுநோய், சிகிச்சைக்குப் பிறகு எத்தனை வருஷம் இருந்தார்கள் என்று கணக்கெடுக்கும் வேலை. நோயாளி திரும்பி வரவில்லை என்றால் ஏட்டை மூடிவிடவில்லை. பதில் அஞ்சலட்டை போட்டார்கள். போன் செய்தார்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் வீடு தேடிப் போனார்கள்.

28/
படிச்சதும் எனக்கு அந்தக் குட்டி நோட்டு ஞாபகம் வந்தது. 1980-களில், செல்போன் இல்லாத காலத்தில், நம்ம ஊர்த் தெருக்களில் கதவு எண் தேடி அலைந்து செய்த வேலையைத்தான் அந்தப் பொண்ணு கேட்டிருக்காங்க. அதுவும் போனில். நான் நடக்காதுன்னு சொன்னது, எனக்கு ஆறு கிலோமீட்டர் தூரத்தில் பல வருஷமா நடந்துகிட்டு இருந்த விஷயம்.

29/
முத்துலட்சுமி ரெட்டி 1956-ல் பத்ம பூஷண் பெற்றார். 1968 ஜூலை 22 அன்று காலமானார். 82-க்கு எட்டு நாள் குறைவு. 12 படுக்கை 400-ஐத் தாண்டியதை அவர் பார்க்கவில்லை. சாந்தா 2005-ல் மகசேசே விருது பெற்றதையும் பார்க்கவில்லை. சாந்தா 2021 ஜனவரி 19-ல், 93 வயதில் காலமானார். 1923-ல் ஒரு வீட்டில் நடந்த சாவிலிருந்து கிளம்பிய வேலை, ஒரு நூற்றாண்டை நெருங்கியும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதும் ஓடுகிறது.

30/
இளமையில் வரும் நம்பிக்கைக்குப் பெரிய விலை கிடையாது மக்களே. யாரும் இன்னும் "முடியாது" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் எல்லாம் முடியும் என்று தோன்றும். அது தானாக வரும், தானாகவே தேய்ந்தும் போகும். முத்துலட்சுமி அம்மையாரிடம் 67 வயதில் இருந்தது வேறு. நூறு முறை "முடியாது" கேட்ட பிறகு மிஞ்சிய நம்பிக்கை. அதை அவர் காப்பாற்றிய விதத்தில் நான் பார்த்தது மூன்று: கேட்பதைக் குறைக்கவில்லை, கேட்கும் இடத்தை மாற்றினார். பெரியது வரும் வரை சின்னதைச் செய்தார். அடுத்த தலைமுறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

31/
மூன்றாவதுதான் நம்மை மாதிரி சீனியர்கள் முதலில் கோட்டை விடுவது. புதுசா வந்த பிள்ளை ஒரு யோசனை சொன்னால், அதில் உள்ள ஓட்டைகள் நமக்கு ஒரு நொடியில் தெரியும். அது அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனா ஓட்டையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அதை அடைக்க வழி தெரிந்தவரும் நாமதான். நம்பர் தப்பா இருக்கும் என்று தெரிந்த எனக்கு, சீட்டு எழுதும்போதே கூட வந்தவர் நம்பரையும் வாங்கிக்கணும் என்றும் தெரியும். அதை ஏன் சொல்லலை நான்?

32/
மறுநாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் அந்தப் பொண்ணைக் கூப்பிட்டேன். "அந்த நோட்டைக் கொடும்மா. நேத்து நான் சொன்னது தப்பு." அவங்க ஒரு மாதிரி பார்த்தாங்க. ரெண்டு பேரும் டியூட்டி ரூமில் உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாகப் போன் போட்டோம். நான் சொன்ன மாதிரியே சில நம்பர்கள் தப்பு. சிலர் எடுக்கலை. ஒருத்தர் "வேற இடத்துல பாத்துக்கிட்டோம் டாக்டர்"னு சொன்னார். ஒருத்தர் திட்டினார்.

33/
மார்பில் கட்டியோடு போன அம்மா போனை எடுத்தாங்க. "வலி இல்லையே, அதான் வரலைங்க. டாக்டரே போன் பண்ணுவீங்கன்னு நினைக்கல"ன்னாங்க. வலி இல்லாத கட்டியைத்தான் முக்கியமா பார்க்கணும்னு அந்த ஹவுஸ் சர்ஜன் பொறுமையா எடுத்துச் சொன்னாங்க. அடுத்த திங்கள்கிழமை அவங்க மருமகளோட வந்துட்டாங்க. பயாப்ஸி எடுத்தாச்சு. இதை எழுதும்போது ரிப்போர்ட் இன்னும் வரலை. எதுவா இருந்தாலும், வராமல் இருந்ததைவிட இப்போ அவங்களுக்கு வழி அதிகம்.

34/
அந்தக் குட்டி நோட்டு இப்போ ஓ.பி. மேஜையில் பெரிய நோட்டு ஆயிடுச்சு. கூட வந்தவர் நம்பருக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கோம். ரெண்டு மாசத்தில் இது நின்னுபோகலாம். இப்படி நின்னுபோன பல நோட்டுகளை நான் பார்த்திருக்கேன். நின்னா மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

35/
கடைசியா ரெண்டு வேண்டுகோள். ஒன்று: உங்க வீட்டில் யாருக்காவது கட்டி, ஆறாத வாய்ப்புண், காரணமில்லாத ரத்தப்போக்கு இருந்து, "அப்புறம் பாத்துக்கலாம்"னு சீட்டு டிராயரில் கிடந்தா, அதை இன்னைக்கே எடுங்க. இரண்டு: நீங்க உங்க வேலையில் சீனியரா இருந்தா, சமீபத்தில் ஒரு சின்னப் பிள்ளையிடம் "அதெல்லாம் சரிப்பட்டு வராது"ன்னு சொன்ன நாள் உங்களுக்கும் ஞாபகம் வரும். நாளைக்குப் போய் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுங்க.

தமிழ்நாட்டில் ஜூலை 30 மருத்துவமனை தினம். அது முத்துலட்சுமி அம்மையாரின் பிறந்தநாள். அன்னைக்கு இந்த இழையை இன்னொரு தடவை பகிர்வேன்.